நாள் வாடகை நாற்பது

செங்கோட்டையில் என் கடை.
டிராமா சாமான் வாடகைக்கு.
கிரீடம் பதினாறு, கதாயுதம் ஒன்பது,
வெள்ளைக்காரத் துரைக்குத்
தொப்பி ஒன்றே ஒன்று.

கையில் வாங்குகிறவன் எவனும் முதலில்
திடுக்கிட்டுத்தான் போகிறான்.
பார்வைக்குக் கல்.
கனமோ ஒரு அப்பளக்கட்டு.
இரும்பென்றா நினைத்தீர்?
நெட்டி ஐயா, சதுப்பில் முளைக்கும் செடி.
இடுப்பளவு தண்ணீரில் நின்றே வளர்ந்து
தாகம் என்றால் என்னவென்று தெரியாத தண்டு.
வங்காளத்தில் அதற்கு சோலா என்று பேர்.
துரைமார் காதில் சோலார் என்று விழுந்ததில்
சூரியனோடு உறவு உண்டாகிவிட்டது.

இந்த நாட்டு வெயில் மண்டைக்குள் இறங்கி
மூளையைக் கலக்கிவிடும் என்று
டாக்டர்கள் பயமுறுத்திய காலம்.
வாசலில் கால் வைக்கும் முன்
குழந்தைக்கும் ஒன்று கவிழ்த்தார்களாம்.
அதே வெயிலில்
துண்டை முண்டாசு கட்டிக்
களை பறித்தவர்களின் மூளையைப் பற்றி
யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

திருப்பிப் பாரும்.
அடியில் பச்சைத் துணி, கண் கூசாதிருக்க.
நெற்றிவாருக்கும் ஓட்டுக்கும் நடுவே
ஒரு விரல் நுழையும் சந்து.
உச்சிப் பொத்தானைத் திருகினால்
அதன் கீழே காற்றுக்கு ஒரு துவாரம்.
முன்னால் குட்டை, பின்னால் நீட்டம்:
பிடரிக்கும் நிழல் வேண்டுமென்று
யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறான்.

இது சர்வேயர் ஞானாபரணம் வைத்திருந்தது.
ஐம்பத்தாறில் ஊரை இந்தப் பக்கம் சேர்த்தபோது
கோட்டைவாசல் கணவாயில் அளவெடுத்தவர்.
சங்கிலியின் மறுமுனை உம்மிணி கையில்,
உம்மிணி தலையில் கமுகம்பாளைத் தொப்பி.
அதுவும் செடிதான்.
அதற்கு பில் கிடையாது, பெட்டி கிடையாது,
கிழிந்தால் அடுத்த பாளை விழும்வரை காத்திருக்க வேண்டும்,
அவ்வளவே.
உச்சிப்பொழுதில் கல் நட்டுக் குனிந்தபோது
ஞானாபரணத்தின் தொப்பி நிழல்
இரண்டு மாநிலத்திலும் விழுந்திருக்கும்.
அந்த நிழலை யார் கணக்கில் எழுதினார்கள்?

அவர் மகள் ஒரு எவர்சில்வர் தூக்குக்கு
இதைப் போட்டுவிட்டாள்.
பாத்திரக்காரனிடம் நான் பேரம் பேசி எடுத்தேன்.
வாரில் இருந்த வேர்வைக்கறை அப்படியே,
அதன்மேல் இப்போது அரிதாரக் கறை.
முப்பது வருஷமாகச் சுட உத்தரவிடுகிறது,
வரி கேட்கிறது,
கடைசிக் காட்சியில் தரையில் உருள்கிறது.

போன ஆவணியில் ஆரியங்காவிலிருந்து
சதானந்தக் குறுப்பு வந்தார்.
அட்வான்ஸ் இருநூறு, கைப்பட ரசீது.
துரை துப்பாக்கியைத் தூக்கும் இடத்தில் மழை.
கூட்டம் ஓடியது, தபலாவைத் தூக்கிக்கொண்டு
தபலாக்காரன் ஓடினான்,
குறுப்பு மட்டும் நின்றாராம்
வசனம் பாக்கி இருந்ததால்.

மறுநாள் பிளாஸ்டிக் வாளியில் வைத்துக் கொண்டுவந்தார்.
குடித்த தண்ணீரில் தொப்பி இருமடங்கு கனம்.
விளிம்பு சேம்பிலை மாதிரித் தொங்கியது.
"சேட்டா, அபத்தமாயிப் போயி" என்றார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
எத்தனையோ வருஷம் கழித்து
அது தாய்வீட்டுக்குப் போய் வந்திருக்கிறது,
நான் யார் கேட்க?

பானையைக் கவிழ்த்து அதன்மேல் மாட்டி
மூன்று நாள் காயவைத்தேன்.
எதில்? வெயிலில்தான்.
வேறெதில் காயவைப்பது?

காய்ந்தது. வலப்பக்கம் மட்டும் கோணிவிட்டது.
இப்போது அதை வைத்துக்கொள்ளும் துரை எவரும்
தலையைச் சற்றுச் சாய்த்து
எதிரில் நிற்பவன் சொல்வதைக்
காது கொடுத்துக் கேட்பதுபோல் இருக்கிறார்.

டிராமாக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள்,
வில்லனுக்கு எடுபடவில்லையாம்.
வாடகையை நான் குறைக்கவில்லை.