ஏழு ரூபாய் பத்தணா

லண்டனிலிருந்து வந்தது ஒரே ஒரு பக்கம்.
அதற்கு நான் கட்டியது
இரண்டு மாதச் சீட்டுப் பணம்.

ஆலையின் எடைமேடைக் கூண்டுக்குள்
விசிறிக் காற்றில் பறக்காமல்
ஸ்டேப்ளரை மேலே வைத்துப் படிக்கிறேன்.
வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள்
பகாவ் சாலைவரை நிற்கின்றன.
முதலில் நிற்கிறவன் ஹாரன் அடிக்கிறான்.
அடிக்கட்டும்.

எங்கள் கல்யாணப் பத்திரிகைகளில்
மூன்று தலைமுறையாக அச்சேறும் வரி:
‘பாஸ்ரா போர் ஹவில்தார் அங்கண்ணன் வழிவந்த.’
தணிகாசலம் மாமா அதைப் பித்தளையில் பொறித்து
வீட்டு வாசலிலும் மாட்டியிருக்கிறார்.
துருக்கியன் சுட்ட குண்டு
அவருடைய தாத்தாவின் இடக்காதைக்
கொத்திக்கொண்டு போனதாம்.
ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தக் குண்டு
கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து
போன வருடம் பீரங்கிக் குண்டாகிவிட்டது.

பதக்கம் ஒன்றும் உண்டு.
ஒரு பக்கம் ராஜாவின் தலை, மறுபக்கம் குதிரை.
பள்ளிக் கட்டணம் கட்டமுடியாத ஒரு ஜனவரியில்
பெரியம்மா அதை அடகுக்கடைக்கு எடுத்துப் போனாள்.
கம்பிக்குப் பின்னால் இருந்த சீனர்
கல்லில் உரசிப் பார்த்துத் திருப்பித் தள்ளினார்:
வெள்ளி இல்லை, வெண்கலம்.
அன்றைக்கே எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கோணல் எழுத்து. யாரோ ஒரு கிராணி.
அவசரத்தில் இருந்திருக்கிறான், என்னைப் போல.
அங்கண்ணன் அவன் கையில் ‘உங்கனேன்’ ஆகியிருக்கிறார்.
தகப்பன் பெயர்: மேற்படி.
மேலே இருப்பவனோ வேறு ஜில்லாக்காரன்.
உயரம் ஐந்தடி மூன்று.
எடை நூற்றொன்பது இறாத்தல்.
என் மேடைக்கு இரண்டு நல்ல குலை.
படை: போர்ட்டர் கோர். இடம்: பாஸ்ரா துறை.
அடையாளம்: இடக்காதின் மேல்பாதி இல்லை.
பக்கத்தில் தேதி. ஆள் சேர்த்த நாள்.
அப்போது அவர் கப்பலே ஏறவில்லை.

துருக்கியன் பாவம்.

காதை எது கொண்டுபோனதோ,
நாயோ, அரிவாளோ, கூடப் பிறந்தவனோ,
அதற்குக் கட்டம் போடவில்லை.

பதவி என்ற கட்டத்தில்
எனக்கு அகராதி தேவைப்படாத ஒரே சொல்:
கூலி.
நம்முடைய சொல்.
நாம் சொன்னால் அது கொடுக்கவேண்டிய காசு.
அவர்கள் எழுதினால் அது சுமக்கிற ஆள்.
பதக்கத்தின் விளிம்பிலும் அதையே வெட்டியிருக்கிறார்கள்.
ஐம்பது வருடம் பிராஸோ போட்டு
எங்கள் வீட்டில் யாரோ
அந்தச் சொல் இருந்த இடத்தை மட்டும்
வழவழவென்று தேய்த்திருக்கிறார்கள்.
எண் இன்னும் இருக்கிறது.
மூவாயிரத்து நூற்றுப் பதினேழு.
தாளிலும் அதே.

மதியம் மாமாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.
நெடுநேரம் அந்தப் பக்கம் டிவி மட்டும் பேசியது.
பிறகு, “அது வேற அங்கண்ணன்மா.
மெட்ராஸ்ல அந்தப் பேருல எத்தனையோ பேரு.”
காது, என்றேன்.
“காதில்லாதவனும் எத்தனையோ பேரு.”
எண், என்றேன்.
வைத்துவிட்டார்.

கடைசி வரியையும் படித்திருந்தேன்,
காதில் விழுந்ததோ என்னவோ:
படை கலைத்த நாளில் சம்பள மிச்சம்
ஏழு ரூபாய் பத்தணா.
கோரப்படவில்லை.
அதை விட்டுவிட்டுத்தான் நாகப்பட்டினத்தில் கப்பலேறி
இங்கே பால்மரக் காட்டுக்கு வந்திருக்கிறார்,
அதே பதவிக்கு.

நிறைவண்டி. கழித்தல் வெறும்வண்டி.
ஆறு மணிவரை அதே கணக்கு,
அறுபத்திரண்டு லோரி.

இரவு பதினொன்றரைக்கு மாமா கூப்பிட்டார்.
அத்தைக்குக் கேட்காத குரலில்,
“ஏம்மா, அந்த ஏழு ரூபா பத்தணா...
நூறு வருஷத்துக்கு வட்டி போட்டா
எவ்வளவு வரும்?”