மூன்று வெளியே, இரண்டு உள்ளே

செவ்வாய், வியாழன், சனி.
விடிகாலை ஐந்தரைக்கு ஜெலுத்தோங் மையத்தின்
தராசில் ஏறுகிறேன்.
அறுபத்தொன்று புள்ளி நான்கு.
போன முறை இறங்கும்போது ஐம்பத்தெட்டு புள்ளி ஆறு.
“மிச்சமெல்லாம் தண்ணி” என்கிறாள் பிரேமளா,
“எங்கக்கா ஒளிச்சு வச்சிக் குடிக்கிறீங்க?”

ஒளிக்கவில்லை.
சௌராஸ்தா சந்தையில் ஜெருக் விற்கிறவளுக்கு
நாக்குதான் அளவுகோல்.
நுனியில் தொட்டுத் துப்பினாலும்
உப்பு கொஞ்சம் தங்கிவிடும்.
தங்கிய உப்பு தண்ணீரைக் கூப்பிடும்.
அதற்கு அழைப்பிதழ் எல்லாம் வேண்டாம்,
உப்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.

சாதிக்காய்ச் சதையை நறுக்கி
நேரே பாகில் போட்டால் சுருங்கும்,
பாகை உள்ளே விடாது.
மரத்தை விட்டு மூன்று நாளாகியும்
உயிர் இருக்கிறது;
ஒவ்வோர் உயிரணுவும் தன் வாசலில் நின்று
நீ வா, நீ வேண்டாம் என்கிறது.
அதனால் முதலில் கல்லுப்பு. ஓர் இரவு.
மேலே ஒரு கனமான தட்டு.
காலையில் வாளியில் பாதிக்கு நீர்,
ஒரு சொட்டும் நான் ஊற்றியதில்லை.
வாசலில் நின்றவர்கள் போய்விட்டிருப்பார்கள்.
பிறகு சர்க்கரை கேட்காமல் நுழையும்,
சிவப்புச் சாயமும் அதன் பின்னாலேயே.
“எப்படிங்க இவ்ளோ ஊறியிருக்கு?” என்பார்கள்.
காவல் இல்லை, அதான், என்பேன்.
சிரித்துவிட்டு ஐந்து வெள்ளிக்குக் கட்டச் சொல்வார்கள்.

படிவம் ஐந்தில் இதையேதான் நடத்தினார்கள்.
உருளைக்கிழங்குத் துண்டுகள்,
உப்புநீரில் ஒன்று, குழாய்நீரில் ஒன்று.
குவளைகளை மாற்றி வைத்துவிட்டு
உப்பில் கிடந்தது நீண்டதாக எழுதிக் கொடுத்தேன்.
நூற்றுக்கு முப்பத்தொன்று.
ஒன்று மட்டும் மறக்கவில்லை:
உயிரணுவின் சவ்வில் ஒரு பம்பு,
மூன்று சோடியத்தை வெளியே தள்ளும்,
இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும்,
ஒவ்வொரு முறைக்கும் கையிலிருந்து ஒரு காசு.
தூங்கும்போதும். கடை மூடிய பிறகும்.
நஷ்டக் கணக்கு என்று அப்போது நினைத்தேன்.

இந்த இயந்திரத்துச் சவ்வுக்கு அந்தச் செலவு இல்லை.
இடக்கையில் இரண்டு ஊசி.
குழலுக்குள் முடி போல் ஆயிரமாயிரம் இழை,
இழைக்கு உள்ளே என் ரத்தம், வெளியே கலவை நீர்,
ஒன்றோடொன்று கலக்காமல் எதிரெதிரே.
ஓட்டையின் அளவுதான் சட்டம்.
சிவப்பணுவுக்கு அது சுவர், யூரியாவுக்கு அது சந்து.
யாருடைய முகத்தையும் அது பார்ப்பதில்லை.

பக்கத்து நாற்காலியில் அங்கிள் கூ.
வாயில் ஒரு ஐஸ் கட்டி,
கடிக்காமல் கன்னம் மாற்றி மாற்றி
ஒரு மணி நேரம் ஓட்டுவார்.
போன வியாழன் அவருக்கு விக்கல்.
நாங்கள் சிரித்தோம், அவரும்தான்.
சனிக்கிழமை அந்த நாற்காலிக்கு
உறை மாற்றியிருந்தார்கள்.
“பெலிம்பிங்” என்றாள் பிரேமளா, ஊசியைப் பார்த்தபடி.
“ஜெருக் போட்டது. நாலே துண்டாம்.
நல்ல கிட்னி வெளிய அனுப்பிடும்.
உங்களுக்கெல்லாம் அது உள்ளயே தங்கிடும்.”
எங்கே வாங்கினார் என்று
நான் கேட்கவில்லை.

ஐம்பத்தெட்டு புள்ளி ஏழு.
கால் தள்ளாடப் பஸ் பிடித்து
பதினொன்றுக்குக் கடை திறக்கிறேன்.
பெலிம்பிங் ஜாடியை முன்வரிசையிலிருந்து தூக்கி
முழங்காலுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.
கேட்கிறவர்களிடம் நானும் கேட்கிறேன்:
யாருக்கு? வீட்டில் யாராவது டயாலிசிஸ்?
சிலர் முகம் சுளிக்கிறார்கள்.
ஜெருக் வாங்கவும் பாஸ்போர்ட் காட்டணுமா என்று
மலாயில் திட்டிவிட்டு ஒருத்தி
எதிர்க்கடைக்குப் போனாள்.
எட்டு வெள்ளி வியாபாரம்.
போகட்டும்.
அடுத்து வந்தவரிடமும் கேட்கிறேன்,
வறண்ட நாக்கில் மிச்சமிருந்த எச்சிலைச்
செலவழித்து.