ஐந்தாம் கட்டின் வரவு செலவு

பள்ளத்தூரில் அந்த வீட்டுக்கு நாலு கட்டுதான்.
முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி.
அதற்குப் பின்னால் அடுத்த தெரு.
ஐந்தாவதை நாங்கள் கட்டினோம்,
சாலிகிராமத்தில், பிளைவுட்டில்.

படம் ஓடியது. மூன்று பாகம் ஓடியது.
நான்காவதற்கு விளம்பரப் பையன்கள்
என் மேசையைச் சுற்றி நிற்கிறார்கள்.
"கேஷியர் சார், யார் யாருக்கு என்ன ஆச்சு,
தேதியோட வேணும்."

தேதி இருக்கிறது,
வவுச்சர்களில், மஞ்சள் நூல் கட்டி.

முதல் பாகம். கதாநாயகி வழுக்கி விழுந்தார், இடுப்பெலும்பு.
ஆத்தங்குடிக் கல் கேமராவில் மின்ன வேண்டும் என்று
காலையில்தான் துடைத்திருந்தார்கள்.
வவுச்சர் 212: தேங்காய் எண்ணெய், நாலு லிட்டர்.

இரண்டாம் பாகம் வெளியான மூன்றாம் நாள்
வில்லன் நடிகருக்கு மாரடைப்பு.
காரைக்குடி மெஸ் பில் என்னிடம்தான் வந்தது:
இரவு பதினொன்றரைக்குக் காடை வறுவல்,
இருபத்தாறு இரவும்.

டைரக்டரின் மணமுறிவுக்கு வவுச்சர் இல்லை.
லாட்ஜில் இரண்டாவது அறைக்கு இருக்கிறது.

வீட்டுக்கு முப்பத்தெட்டுப் பங்காளிகள்.
வாடகையை முப்பத்தெட்டாக வகுத்தால்
பைசா மிஞ்சும்; அதை வயிரவன் செட்டியார்
கோயில் கணக்கில் சேர்க்கச் சொல்வார்.
"சாபம் கீபம்னு பேப்பர்ல போட்டுராதிய.
நாளைக்கு இந்த வளவுல கல்யாணம்னா
ஒருத்தரும் வர மாட்டாக."
அது முதல் பாகத்தில்.
மூன்றாவதில் அவரே ஃபோன் செய்தார்:
"சாபம் இருக்குற வீடு. வாடகை
பழையபடி கட்டுப்படியாகாது."

தேசிங்கு, லைட்மேன்.
செஞ்சிப் பக்கம், பீடியைக் காதில் செருகியிருப்பான்.
வளவு முற்றத்தில் டேங்கர் லாரியின் மழை.
தெருவில் ஜெனரேட்டர். ஈரத்தின் மேல் கேபிள்.
டைரக்டர் இன்னொரு டேக் கேட்டார்.
ஸ்டாண்டைக் கொஞ்சம் நகர்த்தக் கை வைத்தான்.

கேட்புச் சீட்டில் எழுதியிருந்தது:
எர்த் ஒயர், முப்பது மீட்டர்.
பக்கத்தில் பச்சை மையில், தவிர்க்கலாம்.
அதன் கீழே சின்னதாய் என் கையெழுத்து.
தினமும் பேக்கப்புக்கு ஒரு பூசணிக்காய் உடைத்தோம்.
முப்பத்தொன்று.
அதில் ஒன்றைக்கூட யாரும் குறைக்கவில்லை.

மறுநாள் தயாரிப்பாளர் மைக் முன்னால் கண்ணாடியைக் கழற்றினார்.
"அந்தக் கட்டு ஆள் கேட்குது சார்."
அந்த வாக்கியம் டிரெய்லரில் வந்தது.
தேசிங்கு வரவில்லை.

பதினாறு முடிந்து அஞ்சலாட்சி வந்தாள், மாடி ஆபீசுக்கு.
கவரை எண்ணவில்லை. என்னைத்தான் கேட்டாள்:
"சாபம்னு சொல்றாங்களே,
யார் விட்டது சார்?
எங்க வீட்டுக்காரு யாருக்கு என்ன செஞ்சாரு?"
டீ வந்தது. ஆறியது.

எழுந்தவள் வாசலருகே குனிந்தாள்.
வாரித் தூற்ற மண் தேடினாள்.
தரையெல்லாம் கிரானைட்.
மணிபிளான்ட் தொட்டியில் ஒரு பிடி அள்ளி
கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.
பிறகு தொட்டியிலேயே போட்டு
அழுத்திவிட்டு, செடியையும் நேராக்கிவிட்டு
இறங்கிப் போனாள்.
படியில் வளையல் சத்தம் மூன்று மாடியும் கேட்டது.

இதைப் பையன்களிடம் சொன்னேனா?
எண்ணெய் சொன்னேன். காடை சொன்னேன்.
சிரித்தார்கள், எழுதிக்கொள்ளவில்லை.
மூவர் போதாது, நான்காம் பாகத்துக்கு
நான்கு பேர் வேண்டும் என்றார்கள்.
"உங்களுக்கு ஒண்ணுமே ஆகலையா சார்?"

"கையெழுத்துப் போடும்போது
சில சீட்டில் பேனா ஓடுறதில்லை" என்றேன்.

ஒருவன் ஃபோனை எடுத்தான்.
தலைகீழாகத் தெரிந்தாலும் படிக்க முடிந்தது:
கணக்கரின் வலது கை செயலிழந்தது.