இயங்கும் நிலை

துரை கப்பலேறிய வருஷம்
மூன்று மாதச் சம்பளம் பாக்கி.
இருநூற்று எழுபது ரூபாய்க்குப் பதிலாக
இதைத் தந்து, உரிமத்தையும்
அப்பா பேருக்கு மாற்றிவிட்டுப் போனாராம்.
எஸ்டேட் கணக்கெழுதிய சூசைமாணிக்கம்
இந்த வரவை எந்தப் பத்தியில் வைத்தார்?
பேரேடு முழுக்கத் தேடிவிட்டேன், இல்லை.

ராணுவத் துப்பாக்கி. 1896.
இரும்பில் கிரீடம், கீழே ராணியின் எழுத்து.
கட்டையில் பதித்த பித்தளை வட்டில் 417.
துரைக்கு முன்னால் இதைத் தோளில் போட்டு நடந்தவன்
ஓர் எண்ணாக மிஞ்சியிருக்கிறான்.
அவன் குறிபார்த்தவர்களுக்கு
அதுவும் இல்லை.

தேர்தல் வந்தால்
காப்பிக்கொட்டைச் சாக்கில் சுற்றி
ஏற்காடு ஸ்டேஷனுக்குத் தூக்கிப்போவார் அப்பா.
என்ன சார் அது என்றால், குடைக்கம்பி.
ஓட்டு எண்ணி முடிந்ததும் போய்
திரும்பத் தூக்கிவருவார்.
பிஸ்கட் டப்பாவில் பத்தொன்பது ரசீதுகள்,
கையில் ஒட்டும் கார்பன் நீலம்.
யார் ஜெயித்தாலும் ஒரே வாசகம்:
பழைய துப்பாக்கி ஒன்று, சாக்குடன்.

சுட்டது ஒரே ஒரு தடவை.
எழுபத்தொன்றில், காப்பிச்செடிகளை மிதித்த காட்டெருமையை.
எருமை திரும்பிப் பார்த்துவிட்டு மேய்ந்ததாம்.
குண்டு போன இடம் தெரியவில்லை.
மிச்சம் ஐந்து தோட்டாக்களையும் ஏரியில் போட்டேன் என்றார்.
அம்மா சாகும்வரை நம்பவில்லை,
பரணில் தேடிக்கொண்டே இருந்தாள்.

முப்பத்திரண்டு வருஷம் கழித்து
செவ்வாய்ப்பேட்டை மரவாடிக்காரர் மலையேறி வந்தார்.
நாங்கள் விற்ற சில்வர் ஓக்கை அறுக்கும்போது
ரம்பத்தின் பல் ஒன்று தெறித்து
பழனியாண்டி என்கிற ஆளின் புருவத்தைக் கிழித்திருந்தது.
கண்ணுக்கு அரை விரற்கடை மேலே.
கைக்குட்டையை விரித்தார்.
உள்ளே, நசுங்கி, மரச்சாறு ஏறிக் கறுத்து,
எஃகுத் தோல் உரிந்த குண்டு.
அப்பா ஒன்றும் பேசவில்லை.
ரம்பத்துக்கும் தையலுக்கும் எண்ணிக் கொடுத்தார்.
அந்தச் செலவு மட்டும் பேரேட்டில் இருக்கிறது:
'எருமைக்குச் சுட்டது. 1,850.'

இப்போது அது என்னிடம்.
பாதி பெலிக்ஸுக்கு என்கிறது வாரிசுச் சான்றிதழ்.
துப்பாக்கியில் பாதி எது என்று
தாசில்தாரும் சொல்லவில்லை.
ஓசூரிலிருந்து போனில் சொல்கிறான்:
பித்தளையைத் தேய்ச்சு
டிவிக்கு மேலே மாட்டலாம்க்கா, கம்பீரமா இருக்கும்.
அவன் மச்சானுக்குத் தெரிந்த குன்னூர்க்காரர்
இரண்டு லட்சம் வரை போவாராம்.
மியூசியத்தில் கேட்டேன்.
இதே மாதிரி மூன்று கிடக்கும்மா,
வைக்க இடமில்லை, தூசு தட்டவும் ஆளில்லை.

டிவிக்கு மேலே ஒருநாள் மனசுக்குள் மாட்டிப் பார்த்தேன்.
பெலிக்ஸின் பையன் சோபாவில் படுத்திருந்தான்.
குழல் ஜன்னலைப் பார்த்து நீண்டிருந்தது,
எதிர்வீட்டுத் துணிக்கொடி வரைக்கும்.

கையெழுத்துப் போட நாலு மாசம் இழுத்தான்.
போட்டான்.

'காரணம்' என்ற கட்டத்தில்
தேவையில்லைன்னு எழுதுங்க, போதும் என்றார் ஸ்டேஷன் ரைட்டர்.
எழுதினேன்.
'நிலை' என்ற கட்டத்தை அவரே நிரப்பினார்:
இயங்காதது.
அதை அடிக்கச் சொன்னேன்.
நூத்துச் சொச்சம் வருஷத்துப் பழசும்மா,
இது எங்க வேலை செய்யப்போவுது.
எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது அவருக்கு?
மரவாடியில் பழனியாண்டி
அன்றைக்கு டீ குடிக்கப் போயிருக்கலாம்.
இயங்கும்னு எழுதுங்க என்றேன்.
பேனாவை மூடினார். என்னைப் பார்த்தார்.
திறந்து எழுதினார்.

சாக்கை மட்டும் திருப்பிக் கேட்டு வாங்கினேன்.
இருபது வளைவும் இறங்குகிற பஸ்ஸில்
மடியில் மடித்து வைத்திருந்தேன்.
பக்கத்து சீட்டுப் பெண் இரண்டுமுறை முகர்ந்துவிட்டுக் கேட்டாள்:
என்னக்கா, எண்ணெய் வாசம் அடிக்குது?
குடைக்கம்பி வெச்சிருந்த சாக்கு என்றேன்.