ரேடியோ செத்த வாரம்

திங்கட்கிழமை காலை ஏழு பத்துக்கு
மூன்றாம் மேசைக்கு மேலே தொங்கிய ரேடியோ
ஒரு பாட்டின் பாதி வரியில் செத்தது.
உப்புத் தண்ணீர் தெறிக்காமலிருக்க
பிளாஸ்டிக் பை மாட்டி,
ஆன்டெனாவில் தூண்டில் கம்பி முறுக்கி
பதினோரு வருடம் வைத்திருந்தோம்.
அதை யாரும் விரும்பியதாக நினைவில்லை.

வெளியே இருட்டு.
ஐஸ்லாந்தின் வடக்கு ஓரத்தில் ஜனவரி
விடியலைப் பதினொரு மணிக்குத்தான் அனுப்பும்.
உள்ளே இருபத்திரண்டு பேர்,
நீலக் கையுறை, ஆளுக்கொரு கத்தி,
பெல்ட்டில் வந்துகொண்டே இருக்கும் காட் மீன்.

பத்து மணிவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.
பிறகு ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது:
பெல்ட்டின் கீச்சு,
தோர்கெய்ர் மூக்கால் விடும் மூச்சு,
முள்ளிலிருந்து சதை பிரியும்போது
ஈரத்துணி கிழிவது போல ஒரு சத்தம்.
இத்தனை வருடமும்
இதுதான் அடியில் ஓடிக்கொண்டிருந்ததா?

சுவர்க் கடிகாரத்தை அன்று நான் பார்த்த அளவுக்கு
என் புருஷன் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.
முன்பெல்லாம் ஒரு மணி நேரம் என்றால்
பன்னிரண்டு பாட்டு, நாலு விளம்பரம்,
ஒரு கடல் வானிலை.
இப்போது அது பிடி உடைந்த பானை.
கொதிக்கிறது,
எங்கே தொட்டுத் தூக்குவது?

மறுநாள் போகுமீவா கட்டைவிரலை அறுத்துக்கொண்டாள்.
ஒன்பது வருடத்தில் அவளுடைய முதல் ரத்தம்.
"அந்தச் சனியனை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது" என்றாள்,
கட்டுப் போட்டுக்கொண்டே,
ரேடியோ தொங்கிய வெறும் ஆணியைப் பார்த்து.

இரவு தூக்கத்தில் என் வலது கை
போர்வையை மீனாக நினைத்து வெட்டியதாம்.
"வேகம் சீராக இல்லை" என்றார் புருஷன்.
படகில் இஞ்சின் பார்ப்பவர்,
பழுதைக் காதால் கண்டுபிடிப்பவர்.

ஒரு ஜோடி கையுறைக்காக இரண்டு பேர்
கழுத்தைப் பிடிக்கும் அளவுக்குப் போன பிறகு
மாடியிலிருந்து ஹ்ராஃப்ன்ஹில்டுர் இறங்கிவந்து
காதில் மாட்டிக்கொள்ள அனுமதி தந்தாள்.
அவரவர் காது, அவரவர் பாட்டு.
சந்தோஷமாகத்தான் இருந்தது, அரை மணி நேரம்.
கெஸ்துதிஸின் காதில் குதிரை ஓடியது.
பக்கத்தில் தோர்கெய்ரின் காதில்
யாரோ பியானோவை மெல்லத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.
அவன் வெட்டித் தள்ளியது
இவன் முன்னால் மலையாகக் குவிந்தது.
மூன்று முறை பெல்ட்டை நிறுத்தினோம்.
நான் எதற்கோ சிரித்துத் திரும்பினேன்,
எதிரே ஒரு முகமும் அந்தச் சிரிப்பில் இல்லை.

வெள்ளிக்கிழமை எல்லாக் காதுகளும் மறுபடி காலி.
எப்போது தொடங்கியது என்று தெரியாது:
ஒரு மீன் முடிந்ததும் தோர்கெய்ர்
கத்தியின் முதுகால் எஃகு மேசையைத் தட்டுகிறான்.
டக்.
அடுத்த மீன். டக்.
தட்டுவது அவனுக்கே தெரியவில்லை.
பாட்டு இல்லை அது,
தாளம் என்றால் தாளக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.
ஆனால் அடுத்த டக்குக்காக
என் மணிக்கட்டு காத்திருந்தது.
எதிர் வரிசையில் ஒரு கத்தி,
அப்புறம் கடைசி மேசையில் ஒன்று.
இரண்டு டக்குக்கு நடுவில்
கெஸ்துதிஸ் மூன்றாவதைச் செருகினான், குறும்புக்காரன்.
பெல்ட் எங்கும் குவியவில்லை.
நான் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தபோது
வீட்டுக்குப் போக ஆறு நிமிடம் இருந்தது.

திங்களன்று புது ரேடியோ வந்தது. சிவப்பு.
முதலில் கரகரப்பு,
தள்ளுபடியில் மெத்தை,
தென்மேற்கிலிருந்து பலத்த காற்று
(படகில் ஆள் உள்ளவர்கள் கத்தியை நிறுத்தினோம்),
அப்புறம் அந்தப் பாட்டு.
பதினோரு வருடமாக நாங்கள் கேலி செய்வது.
உச்சத்தில் பாடகன் ஆடு மாதிரி கத்துவான்.
இருபத்திரண்டு பேரும்
அந்த ஆட்டுக்காகக் காத்திருந்தோம்.
வந்தது.
தோர்கெய்ர்கூடப் பல்லைக் காட்டினான்.

போகுமீவா கட்டுப் போட்ட விரலை
ரேடியோவை நோக்கி நீட்டி
"கூட்டு" என்றாள்.
"இன்னும் பிடிக்கவில்லை. கூட்டு."