இலைக்குத் தண்ணி

பீடி இலைக்குத் தண்ணி தெளித்தேன்.
காய்ந்தால் சுருட்ட வராது, ஒடியும்.
என் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது.

லுஹர் தொழுது உட்கார்ந்தால் கை நடுக்கம்.
இருபத்தஞ்சு என்று கட்டின கட்டில்
இருபத்திமூணுதான் இருந்தது.

செய்தூன் மதினி விரலைப் பிடித்தாள்:
“குத்தினா நோன்பு முறியாது, காட்டு.”
மிஷினில் அறுபத்திரண்டு.
“பிஸ்மி சொல்லிக் குடி.”
சீனித் தண்ணி.
செம்பு பல்லில் தட்டியது.

பிள்ளைகளைத் தேற்றச் சொல்வோமே
அரை நோன்பு என்று,
அது எனக்கு ஐம்பத்தோரு வயதில்.

மார்கழியில் களா பிடிக்கலாம்,
பகல் சின்னது,
மேலப்பாளையத்து வெயிலும் கொஞ்சம் இறங்கும்.

அஸருக்குப் பிறகு
கஞ்சித் தூக்கை மகனிடம் கொடுக்காமல்
நானே பள்ளிவாசலுக்குக் கொண்டு போனேன்.
நிறைய ஊற்றினார்கள்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.