மைனஸ் நாற்பது

நீடாமங்கலம் ரயில்வே கேட்டை ஒட்டி என் ஷெட்.
மன்னார்குடி வண்டிக்கு இன்ஜின் மாற்றும் வரை
உறுமிக்கொண்டே நிற்கும் கார்களில்
ஏதாவது ஒன்று
கேட் திறந்ததும் நேரே என்னிடம் திரும்பிவிடும்.

இன்றைக்குத் திரும்பியது
நெல் கொள்முதல் தர ஆய்வாளர்
அமிர்தகடேசனின் வெள்ளைக் கார்.
காற்று வருது, குளிர் வரல,
கேஸ் போயிருக்கும், அடிச்சு விடுங்க என்றார்
சட்டையை முதுகிலிருந்து பிய்த்துக்கொண்டே.
எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.

கேஜ் மாட்டினேன். அழுத்தம் சரி.
கம்ப்ரஸருக்கு நேராக ஒரு வயர் கொடுத்தேன்.
டக்கென்று பிடித்தது.
அதற்குப் பிடிக்கத் தெரியும்.
பிடிக்காதே என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.

ஸ்கேனர் காட்டியது
வெளி வெப்பம்: மைனஸ் நாற்பது.

புரட்டாசி வெயில்
பொன்னுருகக் காய்கிறது.
தண்டவாளத்தின் மேல் காற்று நெளிகிறது.
இந்தக் காரோ
பனிமலையில் நிற்பதாக நம்பிக்கொண்டு
இந்தக் குளிரில் ஏசி எதற்கு என்று
கம்ப்ரஸரைத் தூங்க வைத்திருக்கிறது.
அதைத் திட்டி என்ன செய்ய,
அதற்கு வந்த சேதி அப்படி.

பம்பரைக் கழற்றினேன்.
புளியங்கொட்டை அளவு சென்சார்.
சர்பத் கடை ஐஸில் முக்கினால் ஆறாயிரம் ஓம்,
என் டீயில் முக்கினால் அறுநூறு.
சூடு ஏற ஏறத் தடை இறங்க வேண்டும்,
இறங்குகிறது. இதன் மேல் பழியில்லை.
(டீயை ஊற்றிவிட்டு வேறொன்று சொன்னேன்.)

வயரைப் பிடித்துக்கொண்டே போனேன்.
ஹெட்லைட்டுக்குப் பின்னால்
வைக்கோலும் சாக்கு நூலுமாக
வயல் எலி கட்டிய வீடு.
ஆளில்லை. இரண்டு கை நெல் இருந்தது.
பக்கத்தில் கடித்த வயர்,
செம்பு மினுக்கிக்கொண்டு.
அறுந்துபோனால்
மைனஸ் நாற்பது என்றுதான் படிக்கும் கார்.
ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்ல
அதற்கு ஒரு எண் இல்லை.

பற்றவைத்தேன், ஸ்லீவ் போட்டேன்.
முப்பத்தாறு என்றது. டக்.
ஆஹா என்றார், முகத்தைக் காற்றில் வைத்து.

பின் சீட்டில் பெட்டிக்குள் ஈரப்பத மீட்டர்.
நேற்று என் மச்சான் தவமணியின் நெல்லுக்கு
பத்தொன்பது புள்ளி ஆறு சொன்ன மீட்டர்.
நாலு நாளாய் ரோட்டில் காயவைத்து
ராத்திரியெல்லாம் தார்ப்பாய்க்குக் காவல் இருக்கிறான்.
இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

எலி நெல்லைக் காட்டினேன்.
இன்ஜின் சூட்டில் எத்தனை நாள் கிடந்ததோ,
பல்லில் வைத்தால் கடுக்கென்றது.
சார், இதை ஒருதரம் போட்டுப் பாருங்களேன், சும்மா.

சிரித்துக்கொண்டுதான் போட்டார்.

பதினெட்டு புள்ளி ஒன்பது.

மறுபடி போட்டார்.
ஒரு நெல்லை எடுத்து அவரே கடித்தார்.

முந்நூற்றைம்பது கொடுத்தார், பேரம் பேசவில்லை.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.
வெளியே எடுப்பதற்குள் கேட் போட்டுவிட்டார்கள்.

குளிரில் உட்கார்ந்திருக்கிறார்,
மடியில் மீட்டர்.
மேற்கே வலங்கைமான் பக்கம்
மண்ணுருகப் பெய்ய
இருட்டிக்கொண்டு வருகிறது.
நான் தவமணிக்கு போன் போட்டேன்,
தார்ப்பாயை இழு என்று சொல்ல.
ரிங் போகிறது.